ப்ரீசெட்: முன்னமைப்பா, முன்னமைவா?

அலுவலக ஜெராக்ஸ் மெஷினில் ஒரு வேலைக்கு வேண்டிய தேர்வுகளையெல்லாம் ஒருமுறை செய்து, எண்ணோ பெயரோ கொடுத்துச் சேமித்து வைக்கிறோம் அல்லவா, அந்தத் தொகுப்புதான் ப்ரீசெட். அடுத்த முறை அதைத் தொட்டுவிட்டு ஸ்டார்ட் அழுத்தினால் போதும். ஆனால் திரையில் இதே சொல்லைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். ரிக்கோ மெஷின்களில் 'புரோகிராம்', கேனனில் 'ஃபேவரிட் செட்டிங்ஸ்', தோஷிபாவில் 'டெம்ப்ளேட்' என்று ஆளுக்கொரு பெயர்.

எதற்கு இது? ஏ3 பதிவேட்டுப் பக்கங்களை ஏ4 தாளில் சுருக்கி, பேக் டு பேக்காக, கொஞ்சம் டார்க்காக, மூலையில் பின் அடித்து ஐந்து செட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள், அளவு, இருபுறம், அடர்த்தி, வரிசை, பின் என்று ஒவ்வொரு திரையாகப் போய்வர வேண்டும். நடுவில் போன் வந்து நகர்ந்துவிட்டால், சும்மா இருக்கும் மெஷின் சிறிது நேரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய நிலைக்கே போய்விடும். அப்படித் தானாகத் திரும்பிப்போகும் அந்தப் பழைய நிலைக்குப் பெயர் டீஃபால்ட். ப்ரீசெட் அதுவல்ல, நாம் கூப்பிட்டால்தான் வரும்.

தயாரிப்பாளரே போட்டு அனுப்பும் ப்ரீசெட்டும் உண்டு. ஜூம் பகுதியில் இருக்கும் 71%, 141% ஆகியவை அப்படிப்பட்டவை. ஏ3 தாள் 297 × 420 மி.மீ., ஏ4 தாள் 210 × 297 மி.மீ. 297ஐ 420ஆல் வகுத்தால் 0.707, 210ஐ 297ஆல் வகுத்தாலும் அதேதான். அதை 71 என்று முழுமையாக்கிப் பொத்தானில் வைத்துவிட்டார்கள். திரும்பப் பெரிதாக்க 141%, அதாவது இரண்டின் வர்க்கமூலமான 1.41 மடங்கு. இந்தக் கணக்கு லீகல் தாளுக்குப் பொருந்தாது. அதன் நீள அகல விகிதமே வேறு.

சொல்லின் முதல் பாதி லத்தீன்: 'ப்ரே' என்றால் முன். 'செட்' பழைய ஆங்கிலச் சொல். உட்கார் என்ற வினையின் பிறவினை, உட்கார வைத்தல். ஆக, முன்பே உட்கார வைத்தது. ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்பே இது இசைக்கருவியில் இருந்தது. 1935இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் மின் ஆர்கனின் ஆரம்ப மாடல்களில், ஒவ்வொரு விசைப்பலகையின் இடது ஓரத்திலும் 12 கட்டைகள் நிறம் மாறியிருக்கும்: வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு, கருப்பின் இடத்தில் வெள்ளை. அவற்றை அழுத்தினால் சுரம் எழாது. அவற்றில் ஒன்பது கட்டைகள், முன்பே கோத்து வைத்த ஒலிக்கலவைகளைக் கொண்டுவரும். கலவை பிடிக்கவில்லையென்றால் உள்ளே இருக்கும் இணைப்புகளை மாற்றிக்கொள்ளலாம்.

இனி தமிழ். 'முன்னமைவு', 'முன்னமைப்பு' இரண்டையும் பார்க்கிறோம். இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் வினையைப் பார்த்தால் வேறு. அமைந்தது அமைவு, அமைத்தது அமைப்பு. விரிவு, விரிப்பு; மறைவு, மறைப்பு; இணைவு, இணைப்பு எல்லாம் இதே கணக்குதான். ப்ரீசெட் தானாக அமைவதில்லை. மெஷின் கம்பெனியோ, அலுவலகத்தில் ஒருவரோ உட்கார்ந்து அமைத்தது. எனவே முன்னமைப்பு என்பதே சரி என்பது என் கட்சி. வினையாகவும் தடையில்லாமல் நடக்கிறது: முன்னமைத்து வை, முன்னமைத்த அளவு. அமைப்பு என்றதும் சங்கம், இயக்கம் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்குவார்கள். 'முன்' சேர்ந்த பிறகு அந்தக் குழப்பம் வராது.

டீஃபால்ட்டுக்கு 'இயல்புநிலை', 'இயல்பிருப்பு' என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதற்கும் முன்னமைவு என்று எழுதிக் கலக்க வேண்டாம். டெம்ப்ளேட்டை 'வார்ப்புரு' என்பது விக்கிப்பீடியா வழியாகப் பழகிப்போன சொல். ஆனால் அதற்குள் ஏதாவது ஊற்றி உரு எடுக்க வேண்டும்; வெறும் தேர்வுத் தொகுப்புக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. கேனன்காரரின் பெயருக்கு 'விருப்ப அமைப்புகள்' சரியாகவே இருக்கும். சேமித்ததை வெளியே எடுக்கும் 'ரீகால்' பொத்தானுக்கு 'மீட்டழை', 'மீளழை' என்றெல்லாம் கட்டுவதைவிட 'திரும்ப எடு' என்று போட்டால், மெஷின் முன்னால் நிற்பவர் யோசிக்காமல் அழுத்துவார்.