அவுட்லைன் எழுத்தில் செல்பேசி எண் வேண்டாம்

உள்ளே வெற்றாக, விளிம்புக் கோடு மட்டும் தெரிகிற எழுத்து. வட்டமும் நேர்கோடுமாக, 1960-களில் மனிதர்கள் கற்பனை செய்த விண்வெளிக் காலத்தை நினைவூட்டும். எனக்கு மிகவும் பிடித்த வகை. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவுக்கு அழைப்பிதழ் வடிவமைத்தேன். தலைப்பு இந்த எழுத்தில்தான். திரையில் அவ்வளவு அழகாக இருந்தது. ஆசை விடவில்லை, தேதி, இடம், தொடர்பு எண்களையும் அதே எழுத்துருவில் 9 பாயிண்டில் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) வைத்துவிட்டேன். அச்சாகி வந்தபோது கோடுகள் அங்கங்கே அறுந்திருந்தன. 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தன. எண்களைத் தனியாக அடித்து, அத்தனை அழைப்பிதழிலும் மாணவர்கள் உட்கார்ந்து ஒட்டினார்கள். தவறு என்னுடையது.

கணக்கு எளிது. எழுத்தைச் சிறிதாக்கினால் கோடும் கூடவே மெலியும். எழுத்தின் அளவில் ஐம்பதில் ஒரு பங்கு கோடு என்று வைத்துக்கொள்வோம். 100 பாயிண்டில் அது 2 பாயிண்ட். அச்சில் கம்பீரமாக நிற்கும். 9 பாயிண்டில் 0.18 பாயிண்ட், அதாவது சுமார் 0.06 மில்லிமீட்டர். அச்சகங்கள் பொதுவாக 0.25 பாயிண்டுக்குக் கீழே கோடு வேண்டாம் என்பார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு என்றால் இன்னும் மோசம். மை பரவி கோட்டையே மூடிவிடும்.

இதுபோலக் கோடுகளால் ஆன எழுத்துகளை வரைந்தவர்கள் அவற்றைப் பெரிய அளவுக்காகவே வரைந்தார்கள். ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ருடால்ஃப் கோக் 1931-இல் செய்த பிரிஸ்மா என்ற எழுத்துரு, இணைகோடுகளால் ஆனது. அதில் A, B, C போன்ற கேப்பிடல் எழுத்துகள் மட்டுமே உண்டு. பத்தி பத்தியாகக் கோர்க்க அல்ல, தலைப்புக்காகச் செய்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் குழு வரைந்த எழுத்தையும் பாருங்கள். ஒலிம்பிக் வளையங்களிலிருந்து 68 பிறந்தது, அதே கோடுகள் நாட்டின் பெயராக நீண்டன, பிறகு அலை அலையாகச் சுவரொட்டி முழுவதும் பரவின. அந்த அதிர்வு வர இடம் வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல். பலர் சாதாரண எழுத்துருவை எடுத்து, உள்நிறத்தை நீக்கி, விளிம்புக்குக் கோடு கொடுத்துவிடுகிறோம். அந்தக் கோட்டின் பாதி வெளியே போகும், பாதி உள்ளே போகும். ஞ, ணு, ழு போன்றவற்றின் சுழிகள் அதில் அடைபட்டுவிடும். அப்படிச் செய்தே ஆகவேண்டும் என்றால் தடித்த, சுழி அகன்ற எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், கட்டிங் ஸ்டிக்கருக்கு அனுப்பினால் கவனம்: எழுத்தை வெட்டிய பின் சுற்றியுள்ள கழிவை உரிக்கும்போது மெல்லிய கோடும் சேர்ந்து வந்துவிடும்.

நான் இப்போது, வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டும் முன், அச்சாகப்போகும் அதே அளவில் ஒரு தாள் எடுத்து, கண்ணாடி போடும் வயதில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து எண்ணைப் படிக்கச் சொல்கிறேன். தடுமாறினால் எண் மட்டும் சாதாரண எழுத்துக்கு மாறிவிடும். தலைப்பு அப்படியே இருக்கும்.