குழி நிரம்புகிறதா? முதலில் சிஸ்டனைத் திறந்து பாருங்கள்

மலசலகூடக் குழி அடிக்கடி நிரம்புகிறதென்று இந்த மாதத்தில் என்னைக் கூப்பிட்ட நான்காவது வீடு இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மட்டக்களப்பு நாவற்குடாவில் ஒரு பெத்தா தனது மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். கட்டாரிலிருக்கும் மகன் காசனுப்பி, இரண்டு பொத்தான் வைத்த டியூவல் பிளஷ் கொமட் ஒன்று பூட்டியிருந்தார்கள். "மனே, ரெண்டு மாசத்தில குழி மூணு தரம் நிரம்பிப்போச்சு. குழி இறைக்கிற பவுசருக்குக் குடுத்தே காசு முடியுது. பக்கத்தில இன்னொரு குழி வெட்டணுமாம், மேசன் சொல்லிட்டுப் போறான்" என்றார்.

குழியைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் கேசரிக் கலர் இருக்கிறதா என்று கேட்டேன். பெத்தா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அரைக் கரண்டி கலரை சிஸ்டனுக்குள், அதாவது கொமட்டின் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் கரைத்துவிட்டு, யாரும் பொத்தானை அமுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தந்த பிளேன்டீயைக் குடித்தேன். கால் மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தால், கொமட்டின் பின்சுவரில் நூல் போல ஒரு செம்மஞ்சள் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் தேங்கிநின்ற தண்ணீரும் நிறம் மாறியிருந்தது. கலர் போடாவிட்டால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. காதுக்கும் கேட்காது.

"சத்தம் கேட்கவில்லையே தம்பி, கசிவு எங்கே?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சத்தம் கேட்பது பெரிய கசிவு. அதை யாரும் விட்டுவைப்பதில்லை, அன்றைக்கே கூப்பிடுவார்கள். வீட்டைக் குடைவது சத்தமில்லாத கசிவுதான். கணக்குப் பார்ப்போம். ஐந்து நிமிடத்துக்கு 1 லீற்றர் கசிகிறது என்று வையுங்கள். மணித்தியாலத்துக்கு 12 லீற்றர். ஒரு நாளைக்கு 288 லீற்றர். அதே வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு தரம் பெரிய பொத்தான் 6 லீற்றர், நான்கு தரம் சின்னப் பொத்தான் 3 லீற்றர் என்று பாவித்தாலும் மொத்தம் 90 லீற்றர்தான். ஆட்கள் பாவிப்பதைப்போல மூன்று மடங்குத் தண்ணீரை, சிஸ்டனின் அடியை அடைத்து நிற்கவேண்டிய ஒரு ரப்பர் வளையம் குழிக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. நடுச்சாமத்திலும் விடுகிறது, நீங்கள் பூட்டிவிட்டுக் கதிர்காமம் போயிருந்தாலும் விடுகிறது. குழி நிரம்பாமல் என்ன செய்யும்?

அதுவும் எங்கள் ஊர் நிலம் எப்படிப்பட்டது? கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாமே ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் கிடக்கும் மணல். கோடையில் எவ்வளவு ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் குழியைச் சுற்றி ஏற்கனவே தண்ணீர்தான். உறிஞ்ச இடமில்லை. சின்ன வளவு, அதிலேயே கிணறு, அதிலேயே மலசலகூடக் குழி. குழி பிதுங்கினால் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீர் வழங்கல் சபையின் குழாய்நீர் பாவிப்பவர்களுக்கு வேறு நோவு: ஒரு அலகு என்பது 1000 லீற்றர், மேலே சொன்ன கசிவு மாதத்துக்கு எட்டரை அலகு. அலகு கூடக் கூட விலையும் கூடும்.

இதற்காக டியூவல் பிளஷ்ஷே கூடாது என்று சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவில் 1980இல் கரோமா நிறுவனத்தின் புரூஸ் தொம்சன் இதை வடிவமைத்ததே தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான். அன்றைக்குப் பெரியது 11 லீற்றர், சின்னது ஐந்தரை. இன்றைக்கு 6க்கு 3, நாலரைக்கு 3 வரை வந்துவிட்டது. நல்ல சாமான்தான். ஆனால் தண்ணீர் முழுவதையும் தாங்கி நிற்பது அடியிலுள்ள ஒரேயொரு ரப்பர் வோஷர். பழைய சைபன் சிஸ்டனில் தண்ணீர் மேலே ஏறி வளைந்து இறங்கவேண்டும், ஆகவே அடியால் கசிய வழியே இல்லை. கசிவுக்குப் பயந்துதான் பிரித்தானியாவில் 2001 வரைக்கும் வீட்டுக் கொமட்டுகளுக்கு, இப்படி அடியில் வோஷர் வைத்து அடைக்கும் வால்வ் வகை சிஸ்டனை அனுமதிக்காமல் வைத்திருந்தார்கள். வால்வ் வகை வாங்கினால் வோஷரைக் கவனிக்கும் பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

பெத்தா வீட்டு வோஷருக்கு வருவோம். வால்வின் உடம்பைக் கையால் பிடித்து இடப்பக்கம் கால்சுற்றுத் திருப்பினால் மேலே கழன்று வந்துவிடும், பெரும்பாலான வால்வுகள் அப்படித்தான். வோஷரில் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் துரு நிறத்தில் வழுவழுவென்று களி, கிணற்று நீரிலுள்ள இரும்பு. மறுபக்கம் வெடிப்பு, தொட்டால் கை கறுப்பாகிறது. சிஸ்டனின் மூலையில், கொமட்டைச் சுத்தமாக வைக்கப் போடும் நீலக் கட்டி ஒன்று பாதி கரைந்து கிடந்தது.

அந்தக் கட்டியைத் தயவுசெய்து சிஸ்டனுக்குள் போடாதீர்கள். குளோரின் கலந்த கட்டி இராப்பகலாக அதே தண்ணீரில் ஊறி ரப்பரைத் தின்றுவிடும். கொமட்டின் விளிம்பில் தொங்கவிடும் வகை இருக்கிறது, வேண்டுமென்றால் அதைப் பாவியுங்கள். வோஷருக்கு வாஸ்லினும் பூசவேண்டாம், கிரீசும் பூசவேண்டாம். பெற்றோலியம் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். களி மட்டும் படிந்திருந்தால் துணியால் துடைத்து, வோஷர் உட்காரும் விளிம்பையும் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள். கிணற்று நீர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் செய்யுங்கள். வெடித்திருந்தால் வோஷரைக் கையோடு ஹார்ட்வெயார் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் வாங்குங்கள். முழு செட்டையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். எம்சீல் பசை பூசிச் சரிக்கட்டியிருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

உண்மையிலேயே வால்வ் உடைந்திருந்தால்தான் மாற்றவேண்டும். அதில் நம் ஆட்கள் பிழைவிடும் இடங்களை மட்டும் சொல்கிறேன். தொழில் தெரிந்த தம்பிமாரும் வாசியுங்கள்.

தண்ணீரை அடைத்து, சிஸ்டனைக் காலிபண்ணி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் சிஸ்டனைத் தூக்கவேண்டும். புது வால்வின் ரப்பர் சிஸ்டனுக்கு உள்பக்கம், பெரிய நட் வெளிப்பக்கம். நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால்சுற்று போதும். கொமட்டோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பீங்கான் வெடிக்கும், வெடித்தால் ஒட்டமுடியாது. தண்ணீர் கூடினால் கொமட்டுக்குள் வழியவிடும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி மிதவையை வையுங்கள்.

பிறகு பொத்தான் கம்பி. மூடியை வைத்த பிறகு பொத்தானுக்கும் வால்வுக்கும் இடையில் 2, 3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். கம்பி நீளமென்றால் பொத்தான் எந்நேரமும் வால்வை லேசாக அமுக்கிக்கொண்டே இருக்கும். புது வால்வ், புது வோஷர், ஆனாலும் கசியும். பிறகு "சாமான் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை. கம்பியை வெட்டும்போது ஒரேயடியாக வெட்டாமல் அளந்து அளந்து வெட்டுங்கள், நீளத்தைக் குறைக்கலாம், கூட்டமுடியாது.

வோஷர் சரியாக இருந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் சிஸ்டனுக்குள் எட்டிப் பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழிகிறதென்றால் பிழை உள்ளே தண்ணீர் விடும் வால்வில். பெரும்பாலும் அதன் சல்லடையில் மணல் இருக்கும், கழுவினால் சரி.

பெத்தா வீட்டில் வோஷர் மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் அரைநாள் போனது. சிஸ்டனுக்கு வரும் தண்ணீரை அடைக்கும், சுவரோடுள்ள ஆங்கிள் வால்வ் பூட்டிய நாளிலிருந்து யாரும் திருப்பாமல் உப்புப் பிடித்து இறுகிப்போயிருந்தது. மேலே டாங்கியடியில் இருந்த வால்வும் அப்படியே. கடைசியில் மோட்டர் போட்டு நிரப்பிவைத்த டாங்கித் தண்ணீர் முழுவதையும் வளவுக்குள் திறந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். பெத்தா ஒன்றும் பேசாமல் வாளி வாளியாகப் பிடித்து முருங்கைக்கும் தென்னைக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டு ஆங்கிள் வால்வைக் கடைசியாக எப்போது திருப்பினீர்கள்? இன்றைக்கே போய் ஒரு தரம் மூடித் திறந்து பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அப்படிச் செய்யுங்கள். இறுகியிருந்தால் ஸ்பனர் போட்டு முறுக்கவேண்டாம், சுவருக்குள் குழாய் முறிந்துவிடும். யாரையாவது கூப்பிடுங்கள், மழைக்கு முன்னால்.