விழித்திரை: வீச்சுவலையும் தொங்குதிரையும்

கண்ணின் உட்புறத்தே பின்னால் அமைந்த, ஒளியை உணரும் படலத்தைக் கொழும்பில் கண் வைத்தியரிடம் போய்வரும் தமிழர் பலர் ‘ரெட்டினா’ என்றே சொல்கின்றனர். நம் பாடநூல்கள் அதற்குத் தரும் தமிழ்ச்சொல் ‘விழித்திரை’.

‘ரெட்டினா’ என்பதன் அடியில் இருப்பது வலையைக் குறிக்கும் ‘ரேட்டே’ என்னும் இலத்தீன் சொல். பண்டைய கிரேக்க மருத்துவர் இப்படலத்தை மீனவரின் வீச்சுவலைக்கு ஒப்பிட்டனர். அரபு மருத்துவர் அதனை ‘வலை போன்ற படலம்’ என்று பெயர்த்தனர். பாரசீக மருத்துவ அறிஞர் இபின் சீனா அரபியில் எழுதிய மருத்துவ நூலை 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் இலத்தீனில் பெயர்த்தபோது அப்பொருளிலேயே ‘ரெட்டினா’ வழக்கில் நிலைத்தது. தமிழ் வலையை விட்டுத் திரையை எடுத்துக்கொண்டது. திரை என்பது கடலலையையும், ‘நரை, திரை, மூப்பு’ என்கையில் தோற்சுருக்கத்தையும் குறிக்குமாயினும், இங்கு அது ஒளி வந்து விழும் சீலையே.

சமையலுக்கு வாங்கிய பாரை மீனின் கண்ணைக் கத்தியால் குறுக்கே அரிந்து பார்த்தால் இரு பெயர்களின் பொருத்தமும் விளங்கும். வில்லை சிறு மணியாக உருண்டு வெளியே வரும். அதற்குப் பின்னே, கரும்படலத்தின்மேல் ஒட்டியும் ஒட்டாமலும் ஓர் ஈரச்சவ்வு மடிந்து கிடக்கும். தண்ணீரில் மெல்ல அசைத்தால் அது சுற்றிலும் பிரிந்து, பார்வை நரம்பு புறப்படும் ஓரிடத்தில் மட்டும் பற்றிக்கொண்டு நிற்கும்.

ஆயினும் ‘திரை’ என்றதும், தானாக எதுவும் செய்யாத வெறும் சீலை என்று எண்ணிவிடக் கூடாது. மீன் முதல் மனிதர் வரை முள்ளந்தண்டுளிகள் அனைத்திலும் விழித்திரை, முளையத்தின் (கருவின்) முன்மூளை இருபுறமும் புடைத்து, பின் கிண்ணமாகக் குழிந்து உருவாவது. அதாவது அது மூளையின் ஒரு பகுதி. முளையம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் வரிக்குதிரைமீனில் (ஆய்வுகூடங்களில் வளர்க்கும் சிறு நன்னீர் மீன்) இந்நிகழ்வை உயிரோடு நேரிலேயே காணலாம். ஆர்எக்ஸ்3 என்னும் பரம்பரையலகு (தமிழகத்தார் மரபணு என்பது) செயலிழந்த மீனில் அந்தப் புடைப்பே எழுவதில்லை. கண்ணின்றியே மீன் வளர்கிறது. ஏடோஹெச்7 என்னும் வேறொரு பரம்பரையலகு செயலிழந்தாலோ கண்ணும் அதன் அடுக்குகளும் உருவாகின்றன, ஆனால் மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்புக்கலங்கள் மட்டும் தோன்றுவதில்லை, ஆகவே பார்வையில்லை. எலியிலும் அதே பரம்பரையலகை நீக்கினால் அக்கலங்களில் பெரும்பாலானவை இல்லாமற்போகின்றன.

சொல்லாக்கத்தில் மூலத்தின் உருவகத்தை அப்படியே பின்பற்றவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதால், ‘விழிவலை’ எனப் புதிதாக ஒன்றைப் படைப்பதை நான் ஏற்கமாட்டேன். ‘விழித்திரை’ என்னும் சொல், அதிலுள்ள ஒளியுணர் கலங்களின் பெயர்களான கோல்கலம், கூம்புக்கலம் என்பவற்றோடு இயல்பாகச் சேர்ந்து நிற்கிறது. ‘விழித்திரை விருத்தி’, ‘விழித்திரை மீளுருவாக்கம்’ என்று தடையின்றி நீள்கிறது. பின்னதற்கு வரிக்குதிரைமீனே சிறந்த சான்று: அதன் விழித்திரை காயப்பட்டால், அங்குள்ள முல்லர் கலங்கள் (நரம்புக்கலங்களைத் தாங்கிநிற்கும் துணைக்கலங்கள்) ஏஎஸ்சிஎல்1ஏ முதலிய பரம்பரையலகுகளை இயக்கி, பிரிந்து பெருகி, இழந்த நரம்புக்கலங்களை மீண்டும் ஆக்குகின்றன. மனித விழித்திரையிலும் முல்லர் கலங்கள் உள்ளன. அவை இவ்வாறு செய்வதில்லை.