எஃப்ஆர்ஜிஎஸ் மானியத்தில் சிப் ஆய்வு: கிளீன்ரூம் செலவு யார் தலையில்?

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே மைக்ரோஎலக்ட்ரானிக்ஸில் மாஸ்டர்ஸ், பிஎச்டி செய்ய நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கல்விக் கட்டணத்தை. கையைக் கடிப்பது அதுவல்ல, வேஃபர் எனும் சிலிக்கன் வட்டத் தகடும் இரசாயனமும், கிளீன்ரூம் எனும் தூசியில்லா ஆய்வுக்கூடத்தின் இயந்திர வாடகையும்தான். அந்தப் பணம் பெரும்பாலும் மேற்பார்வையாளரின் மானியத்திலிருந்து வர வேண்டும்.

அவ்வகை மானியங்களில் பரவலானது உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ், அதாவது அடிப்படை ஆய்வு மானியத் திட்டம். மாணவர் இதற்கு நேரடியாக மனுச் செய்ய முடியாது. விரிவுரையாளர்தான் மைகிராண்ட்ஸ் தளத்தில் விண்ணப்பித்து, கிடைத்தபின் மாணவரை ஜிஆர்ஏ எனும் ஆய்வு உதவியாளராக எடுத்துக்கொள்வார். பட்ட மேற்படிப்பு மாணவரை உருவாக்கிக் காட்டுவதும் அவர் கணக்குக் காட்ட வேண்டிய பலன்களில் ஒன்று. ஆகவே கையில் மானியம் உள்ளவர் ஆள் தேடிக்கொண்டிருப்பார், கூச்சப்படாமல் கேட்கலாம். ஜிஆர்ஏ படித்தொகை பொதுவாக முழுநேர மாணவருக்கே. பகுதி நேரமாகப் படிப்பவர் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆய்வுப் பொருள் செலவை மட்டும் மானியம் ஏற்குமா என்று கேட்டு வைக்கலாம்.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த வோட்டில் எவ்வளவு மிச்சம்?" மானியப் பணம் வோட் எனும் செலவுத் தலைப்பு வாரியாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு: 11000 சம்பளம், 21000 பயணம், 27000 ஆய்வுப் பொருள், 29000 சேவைக் கட்டணம், 35000 கருவி. வேஃபர், ஃபோட்டோரெசிஸ்ட் எனும் ஒளியுணர் பூச்சு, அசிட்டோன் எல்லாம் 27000. மாதிரியை வேறு நிலையத்தின் மின்னணு நுண்ணோக்கிக்கோ கிளீன்ரூமுக்கோ அனுப்பினால் அந்தக் கட்டணம் 29000. பாங்கியில் யுகேஎம் பல்கலைக்கழகத்தின் ஐமென் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் ஆய்வு நிலையத்துக்குப் போய்வரும் செலவு 21000. பலர் சறுக்குவது 29000இல்தான்: பொருளுக்குத் தாராளமாக ஒதுக்கிவிட்டு இயந்திர நேரத்தை மறந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு வோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒப்புதல் கேட்டு, அது வரும்வரை வேஃபர் பெட்டியில் தூங்கும்.

கிளீன்ரூமை முன்பதிவு செய்யுமுன் ஒவ்வொரு படியும் எழுதிய செயல்முறைத் தாளை அங்குள்ள பொறியாளரிடம் காட்டுங்கள். 4 அங்குல வேஃபருக்கு அமைத்த கருவியில் உடைத்த சிறு துண்டை வைத்தால், சுழற்றிப் பூசும்போது ரெசிஸ்ட் விளிம்பில் தடித்து நிற்கும். சுற்றின் வடிவத்தைப் பதிக்கும் மாஸ்க் தகடு சரியாக ஒட்டாது, கோடுகள் மங்கும். தங்கம் பூசிய வேஃபரை ஆக்சைடு படலம் வளர்க்கும் உலைக்குள் விடவே மாட்டார்கள். சூட்டில் தங்கம் சிலிக்கனுக்குள் வேகமாக ஊடுருவி மின்னூட்டத்தைச் சுமக்கும் துகள்களின் ஆயுளைக் குறைத்துவிடும். உலைக்குழாயில் படிந்தால் அடுத்தவர் வேஃபரும் போச்சு. இதை முன்பே கேட்காமல் அங்கே போய்த் திரும்பியவர்கள் உண்டு. ஒரு வேஃபரில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். ரெசிஸ்ட் மீது ஒளி பட வேண்டிய நேரத்தைச் சரிபார்க்கவே சில சோதனை வேஃபர்கள் தீர்ந்துவிடும்.

பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் செடெக் வடிவமைப்பு மையம் போன்ற இடத்தில் சிப் வடிவமைப்பு செய்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே செலவு என்பது வடிவமைப்பு மென்பொருளின் உரிமமும், பலர் சேர்ந்து பங்கிட்டு ஒரே வேஃபரில் சிப் அடிக்கும் செலவும். அந்தக் கூட்டுத் தயாரிப்புக்கான தேதி தவறினால் அடுத்த தயாரிப்புவரை காத்திருப்புதான்.

எஃப்ஆர்ஜிஎஸ் அதிகபட்சம் 3 ஆண்டு. பிஎச்டி பெரும்பாலும் அதைத் தாண்டும். மானியம் முடிந்ததும் படித்தொகையும் நின்றுவிடும் என்பதால், மானியம் எந்த மாதம் முடிகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்விக் கட்டணத்தைச் சொந்தக் காசில் கட்டுபவருக்கு இரண்டு வழி. ஒன்று, இபிஎப் எனும் ஊழியர் சேமநிதியின் கல்விப் பணமீட்பு: அதன் செஜாத்தெரா கணக்கிலிருந்து, உண்மையான கட்டணம் அல்லது கணக்கிலுள்ள தொகை, எது குறைவோ அதுவரை எடுக்கலாம். முழு உபகாரச் சம்பளம் பெறுபவருக்கு இது கிடையாது. மற்றொன்று, வருமான வரி விலக்கு. மாஸ்டர்ஸ், பிஎச்டி எந்தத் துறையானாலும் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை கோரலாம், கல்விக்கூடம் அரசு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 7,000 வெள்ளியும் கையில் திரும்பி வந்துவிடாது. 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு மிஞ்சுவது 770 வெள்ளி. கட்டிய ஆண்டின் கணக்கிலேயே கோர வேண்டும், ரசீதை 7 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும்.