"இனிமே நீயே படி"

"எழுத்தெல்லாம் நல்லாத் தெரியும் மேடம். ஆனா புத்தகத்தைக் கண்டாலே ஓடுறான்." என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். குழந்தைகளின் கற்றல் சிக்கல்களைப் பார்ப்பது என் வேலை. ஏதாவது பயிற்சித் தாள் கொடுப்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். "கடைசியா எப்போ அவனுக்கு வாசிச்சுக் காட்டினீங்க?" என்று கேட்பேன். யோசிப்பார்கள். அவனே எழுத்துக்கூட்ட ஆரம்பித்ததும் நிறுத்தியிருப்பார்கள்.

சமீபத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, "எ... ட்... டி... ப்..." 'எட்டிப்பார்த்துவிட்டு' என்ற ஒரு சொல்லைத் தாண்டுவதற்குள் வாக்கியம் எப்படித் தொடங்கியது என்பதே மறந்துவிட்டது. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் பக்கத்திலிருந்து அம்மா திருத்தினார். நான்காவது திருத்தத்தில் கொட்டாவி விட்டான்.

சரி, கொடு என்று வாங்கி நான் வாசித்தேன். மூன்றாம் பக்கத்துக்குள் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் திருப்புவதற்கு முன்பே அவன் விரல் தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தது. கதை பிடிக்காத பிள்ளையா இவன்?

கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். நாம் முதல் பாதியோடு மட்டுமே மல்லுக்கட்டுகிறோம்.

தமிழில் இரண்டாவது பாதியும் லேசுப்பட்டதில்லை. வீட்டில் "வந்துட்டாங்க", புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்". வீட்டில் "அவங்ககிட்ட", புத்தகத்தில் "அவர்களிடம்". 247 எழுத்தும் தலைகீழாகத் தெரிந்தாலும், காதுக்குப் பழகாத வாக்கியம் கண்ணுக்கும் அந்நியம்தான். அந்த நடை காதில் ஏற யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். எட்டு வயது, பத்து வயது ஆனாலும்தான். பத்து நிமிடம் போதும். சுவாரசியமான இடத்தில் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போங்கள். கொஞ்சம் தந்திரம்தான், பரவாயில்லை.

முடித்ததும் "கதையில என்ன நீதி?" என்று கேட்காதீர்கள். கேட்டால் அது பரீட்சை. "பத்துப் பக்கம் படிச்சா போன் தரேன்" என்ற பேரமும் வேண்டாம். படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரை வைத்து லெப்பரும் சகாக்களும் 1973இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகளுக்கு, பின்னர் தாமாக வரையும் ஆர்வம் குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

படக்கதையா, ஒரே புத்தகத்தை இருபதாவது முறையா? படிக்கட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மூன்று வருடம் பள்ளிக்குப் போயும் எழுத்துகள் குழம்பினால், வரி விட்டு வரி தாவினால், படிக்கும்போது தலைவலி வந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை நன்றாக இருந்தால் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம், மதிப்பீடு செய்ய வேண்டும். 'சோம்பேறி' என்று பெயர் வைப்பதெல்லாம் பெரிய அநியாயம்.

அந்தப் பையனின் அம்மா அடுத்த முறை வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் வாசித்திருக்கிறார். பையன் சட்டென்று புத்தகத்தில் விரலை வைத்தானாம். "அம்மா, இங்க ஒரு வரிய விட்டுட்ட."