செம்பனைக்குச் சோம்பு வாசம் எதற்கு?

பாமாயில் தரும் செம்பனையின் ஆண்பூங்குலை விரிந்திருக்கும்போது பக்கத்தில் போனால் சோம்பு வாசம் அடிக்கும். விரல் விரலாக நீண்ட கதிர்களில் மகரந்தம் அப்பியிருக்கும். உற்றுப் பார்த்தால், அரிசியில் பாதியளவே உள்ள கரும்பழுப்புக் கூன்வண்டுகள் அதில் மொய்ப்பது தெரியும். பாமாயிலை ஊற்றும்போது இந்தச் சின்ன உயிரை ஒரு தடவையாவது நினைக்க வேண்டும்.

செம்பனை, மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம். ஒரு மரம் சில காலம் ஆண்குலைகளாகவே விடும், அப்புறம் சில காலம் பெண்குலைகளாகவே விடும். அதனால் மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். பெண்பூ காத்திருப்பதோ இரண்டு மூன்று நாள்தான்.

வண்டுக்கு ஆண்பூதான் வீடு. அங்கேதான் முட்டையிடும். மகரந்தம் கொட்டி வாடிப்போன பூவைத் தின்று புழு வளரும். மரத்துக்கு அந்தப் பூ இனி வேண்டாம் என்பதால் நட்டமில்லை. பெண்பூவில் வண்டு முட்டையிட இடமே இல்லை. ஆனால் பெண்பூவும் அதே சோம்பு வாசத்தை அவ்வப்போது வீசுகிறது! வாசத்தை நம்பி வரும் வண்டு, பூக்களின் மேல் ஊர்ந்து தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறது. உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் அதற்குள் பெண்பூவில் படிந்துவிடுகிறது. எத்தனை நேர்த்தியான ஏற்பாடு!

1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு செம்பனைக் கன்றுகள் வந்தன. வண்டு வரவில்லை. 1917-இல் சிலாங்கூரில் மலாயாவின் முதல் வணிகத் தோட்டம் எழுந்தது. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகும் என்று நம்பினார்கள். மழையும் ஈரமும் நிறைந்த ஊரில் காற்றால் எவ்வளவு முடியும்? காய்ப்பு குறைந்த தோட்டங்களில் மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து, முள் மட்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு பெண்குலையாகத் தேடி ஊதினார்கள் தொழிலாளர்கள். மலேசியத் தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். வண்டின் வேலையை மனிதர்கள் செய்த காலம் அது.

பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கேமரூனில் இந்தப் பூக்களை ஆராய்ந்து, மகரந்தம் சேர்க்கும் வேலை இந்த வண்டினுடையது என்று காட்டினார். வேறு பயிர்களை அது தின்னுமா என்று சோதித்த பிறகு, 1981-இல் மலேசியாவின் ஜொகூரில் வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். விறுவிறுவெனப் பரவின. கையால் ஊதும் வேலை நின்றுபோனது. ஊதிய பொடி குலையின் வெளிப்பூக்களுக்குத்தான் நன்றாக எட்டும். வண்டோ இடுக்கு இடுக்காக ஊர்ந்து உள்ளே போகிறது. இப்போது குலையை வெட்டிப் பிளந்தால், தண்டையொட்டிய ஆழத்திலும் பழம் இருக்கிறது.