வளர்ப்பு வேறு, தத்து வேறு

பெற்றோரால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையை இன்னொரு குடும்பம் வளர்ப்பது 'ஃபாஸ்டர் கேர்'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் சட்டென்று வரும் பதில் 'தத்து'. கொஞ்சம் யோசித்தவர்கள் 'தற்காலிகத் தத்து' என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. தத்தில் தற்காலிகம் என்பதே இல்லை. இது வெறும் சொல் பிழை என்று விட்டுவிடவும் முடியாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து வருபவர்கள் ஒரு நாள் ஏமாந்து நிற்பார்கள், அவர்களோடு சேர்ந்து ஒரு குழந்தையும் நிற்கும்.

முதலில் 'தத்து'. வடமொழியில் 'தத்த' என்றால் கொடுக்கப்பட்டது. (தத்தித் தத்தி நடக்கிறோமே, அந்தத் 'தத்து' வேறு. அது குதிப்பது, தமிழ்ச் சொல்.) பழைய பத்திரங்களில் வரும் 'சுவீகாரம்' இதையே வாங்குபவர் பக்கம் நின்று சொல்கிறது: தனதாக்கிக்கொள்ளுதல். ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் தனதாக்கிக்கொள்கிறார், குழந்தை கைமாறிவிடுகிறது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தத்து முடிந்ததும் பிறந்த வீட்டோடு இருந்த உறவும் உரிமையும் அறுந்து, புது வீட்டில் சொந்தப் பிள்ளைக்குள்ள எல்லாமும் வந்துவிடும்.

'ஃபாஸ்டர்' என்ற சொல் இந்தக் கொடுக்கல் வாங்கலில் பிறந்ததே அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்கு உணவு, ஊட்டம் என்று பொருள். 'ஃபுட்' என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஃபாஸ்டர் தாய் என்றால் ஊட்டி வளர்ப்பவள், அவ்வளவுதான். பிள்ளை யாருடையது என்ற கேள்விக்குள் அந்தச் சொல் போவதில்லை.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருந்தது: செவிலி. நற்றிணையின் 110ஆம் பாட்டில் அவளைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஒரு கையில் பொற்கலம், அதில் தேன் கலந்த பால். இன்னொரு கையில் மிரட்டுவதற்கு ஒரு சிறுகோல். 'குடி' என்றால் அந்தச் சிறுமி குடிக்கவில்லை. சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்கு ஓடிவிடுகிறாள். நரை கலந்த கூந்தலோடு செவிலியர் பின்னாலேயே ஓடி, முடியாமல் நின்றுவிடுகிறார்கள். அந்தச் சிறுமிக்குப் பெற்ற தாயும் உண்டு, அவளை 'நற்றாய்' என்பார்கள். அகப்பாடல்களில் நற்றாயும் செவிலியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மகள் காதலனோடு போய்விட்டால் இரண்டு பேருமே அழுகிறார்கள். ஒருத்தி இருப்பதால் இன்னொருத்தி தாயில்லாமல் போவதில்லை. தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், வளர்ப்புத் தாயின் வீடு முழுவதுமே குழந்தைக்கு உறவாகிவிடுவது தெரியும்.

அந்தச் சொல்லைத்தான் இன்று மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டோம். செவிலியர் என்றால் இப்போது நர்ஸ். திரும்பக் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம், அங்கே நன்றாகவே பொருந்திவிட்டது.

சரி, இந்தியாவில் இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆம் பிரிவு. பெற்றோரால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுமம் ஒரு குடும்பத்தில் வைக்கலாம். கல்வி, உடல்நலம், ஊட்டம் மூன்றும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அந்தப் பழைய 'ஊட்டம்' இங்கேயும் வந்து நிற்கிறது, பாருங்கள். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்கக் கூடாது. குழந்தைக்குக் கெடுதல் இல்லையென்றால் பெற்றோர் வந்து பார்க்கலாம். அவர்கள் நிலைமை சரியானதும் பிள்ளை வீடு திரும்பலாம். பெற்றோர் வந்து பார்ப்பதற்கும் பிள்ளை வீடு திரும்புவதற்கும் தத்தில் இப்படி இடமில்லை. 2024இல் வந்த நெறிமுறைகளின்படி, 2 ஆண்டு வளர்த்த குடும்பம் தத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, ஆனால் அது தனி நடைமுறை.

இஸ்லாமியச் சட்டத்தில் 'கஃபாலா' என்று ஒன்று உண்டு. பொறுப்பேற்றல் என்று பொருள். வளர்ப்பவர் எல்லாப் பொறுப்பையும் ஏற்கிறார், ஆனால் பிள்ளை பெற்ற தகப்பனின் வழியிலேயே அறியப்படுகிறது. 1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆவது பிரிவு வளர்ப்பு, கஃபாலா, தத்து மூன்றையும் தனித்தனியாகவே சொல்கிறது. உலக ஆவணத்தில் தனித்தனியாக இருப்பதை நாம் ஏன் ஒரே சொல்லில் அடைக்க வேண்டும்?

இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'மாற்றுப் பராமரிப்பு' என்று எழுதுகிறார்கள். திட்டத்தின் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதை நீட்டி 'மாற்றுப் பெற்றோர்', 'மாற்றுத் தாய்' என்று மனிதர்களுக்குச் சூட்டுவதை நான் ஒப்பமாட்டேன். 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று காலங்காலமாகச் சொல்லிவரும் மொழியில், ஒரு பிள்ளையை ஏற்று வளர்க்கும் பெண்ணுக்கு அந்தப் பெயரா? 'பராமரிப்பு' என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. சாலையைப் பராமரிக்கிறோம், வண்டியைப் பராமரிக்கிறோம். பிள்ளையைப் பேணுகிறோம்.

ஆகவே என் பரிந்துரை: ஃபாஸ்டர் கேர் 'வளர்ப்புப் பேணல்', அந்தக் குடும்பம் 'வளர்ப்புக் குடும்பம்', பெற்றோர் 'வளர்ப்புப் பெற்றோர்'. 'தத்து' தத்துக்கு மட்டும். தத்தெடுத்தவர்களையும் 'வளர்ப்புப் பெற்றோர்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறதே என்பீர்கள். அதைத்தான் நிறுத்த வேண்டும். தத்தெடுத்தவர்கள் சட்டப்படி பெற்றோர், அவர்களுக்கு அடைமொழி தேவையில்லை.

இதெல்லாம் எழுதும்போது. வீட்டுக்குள் அந்தக் குழந்தை வளர்ப்பவளை எப்படிக் கூப்பிடும்? தமிழில் இதற்குச் சிரமமே இல்லை. பெரியம்மா, சின்னம்மா என்று அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டே இன்னொரு அம்மாவைக் கூப்பிட இடம் இருக்கிறது. அம்மா வீடு தேறி, பிள்ளை அங்கே திரும்பிப் போன பிறகும் பெரியம்மா பெரியம்மாதான். லீவுக்கு அங்கே போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம்.